கிராஃபீனா நானோட்யூபா, சிப்புல கரண்ட் மிச்சம் பண்ண எது?

ரெண்டுமே கார்பன்தான், ஒரே ஒரு அணு கனத்துல இருக்கற தகடு கிராஃபீன், அதையே பாய் மாதிரி சுருட்டினா நானோட்யூப். 2004ல மான்செஸ்டர்ல கெய்ம், நோவோசெலோவ்னு ரெண்டு விஞ்ஞானிங்க கிராஃபைட் மேல செலோடேப்பை ஒட்டி உரிச்சு உரிச்சே கிராஃபீனைப் பிரிச்சு எடுத்தாங்க, 2010ல நோபலும் கிடைச்சுது. எலக்ட்ரான் அதுல செம வேகமா ஓடும். ஆனா சிப்புல இருக்கற ட்ரான்சிஸ்டர் ஒரு குட்டி சுவிட்ச், சுவிட்சுன்னா அணைச்சா அணையணும்ல? கிராஃபீன்ல பேண்ட்கேப்பே (கரண்டை நிறுத்த உதவற ஆற்றல் இடைவெளி) இல்ல, சரியா மூடாத குழாய் மாதிரி ஆஃப் பண்ணாலும் கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கும், கம்மி பவர்ல ஓடற சிப்புக்கு இது பெரிய அடி. மெல்லிசா ரிப்பன் மாதிரி வெட்டினா கேப் வரும், ஆனா ஓரம் பிசிறடிச்சா அந்த வேகம் போயிடும். சென்சாருக்கு, ரேடியோ சர்க்யூட்டுக்குன்னா கிராஃபீன் ஓகே.

நானோட்யூப்ல எந்தக் கோணத்துல சுருண்டிருக்குங்கறதப் பொறுத்து கேப் வரும், பிரச்சினை என்னன்னா சாதாரணமா வளர்த்தா மூணுல ஒண்ணு உலோகம் மாதிரி ஆயிடும், அது அணையவே அணையாது. அதையும் சமாளிச்சு 2013ல ஸ்டான்ஃபோர்ட்ல 178 ட்ரான்சிஸ்டர்ல ஒரு குட்டி கம்ப்யூட்டர் செஞ்சாங்க, 2019ல எம்ஐடில 14,000க்கு மேல வச்சு 16 பிட் ப்ராசஸரே செஞ்சு அதுல "ஹலோ வேர்ல்ட்"னு சொல்ற குட்டி ப்ரோக்ராமை ஓட வச்சாங்க, படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுடுச்சு! கணக்குப் போடற லாஜிக் சிப்புக்கு என் ஓட்டு நானோட்யூபுக்குத்தான்.