தோள் நோவுக்குப் பாகைக் கணக்குக் காட்டிக் காசு வாங்குகிறார்கள், கவனம்

கிளிநொச்சி டவுனில் உள்ள ஒரு தனியார் பிசியோதெரபி இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கமிருந்தெல்லாம் பஸ் ஏறி வயதான ஆக்கள் அங்கே வருகிறார்கள்.

அம்மாவுக்குக் கனகாலமாகச் சலரோகம். வலது தோள் இறுகி, தலை இழுக்கவும் ஏலாது, கிணற்றில் வாளி இழுக்கவும் ஏலாது. சலரோகக்காரருக்கு இந்த இறுக்கம் கூடுதலாக வரும், இளகுவதற்கு ஒரு வருசம், சிலருக்கு அதற்கு மேலும் எடுக்கும். அங்கே இதை ஒருவரும் சொல்லவில்லை, முழுப் பைக்கேஜ் காசையும் முன்னுக்கே கட்டச் சொன்னார்கள்.

போகும்போதெல்லாம் அம்மா கையைத் தூக்க, போனில் படம் எடுத்து, ஆப் காட்டும் கோணத்தை அட்டையில் எழுதுவார்கள். 95 பாகையில் தொடங்கி 140க்கு வந்துவிட்டது. "பாருங்கோ அன்ரி, கை நல்லா ஏறுது, இன்னொரு பைக்கேஜ் போட்டா சரி" என்றார் அங்கிருந்த தம்பி. வீட்டில் அம்மாவால் சீப்பைத் தலைக்குக் கொண்டுபோகவே முடியவில்லை.

படங்களை வாங்கி வரிசையாகப் பார்த்தேன். முதல் படத்தில் அம்மா கதிரையில் நிமிர்ந்து இருக்கிறா. கடைசிப் படத்தில் எழுந்து நின்று, முதுகை வளைத்துப் பின்னுக்குச் சாய்ந்து, தோள் காதோடு முட்டுகிற அளவுக்கு ஏறியிருக்கிறது, போதாததற்கு முழங்கைக்குக் கீழே வேறொருவரின் விரல்கள். அதுவும் சூடு பிடித்து முடிந்த கையோடு எடுத்தது. முதுகு சாய்ந்ததையும் சேர்த்துத்தான் அந்த 140.

அப்புறம் அரச ஆஸ்பத்திரியில் காட்டினோம். படுக்கவைத்து, தோள்பட்டை எலும்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கோணமானியால் அளந்தார்கள். தானாகத் தூக்கினால் 90. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பினால் 20 கூட இல்லை. இந்த நோயில் மோசமாகக் குறைவது அந்தத் திருப்பம்தான், தலை இழுக்கவும் அது வேணும். தனியார் அட்டையில் அதற்கு இடமே இல்லை. ஆஸ்பத்திரியில் இதற்கு ஒரு சதமும் எடுக்கவில்லை.

எங்கே போனாலும் கேளுங்கள்: தானாகத் தூக்கினதா, ஆள் பிடித்துத் தூக்கினதா? இருந்தா, படுத்தா? சூட்டுக்கு முன்னா, பின்னா? ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அளந்தால்தான் போன முறையோடு ஒப்பிடலாம், ஐந்து பாகை வித்தியாசமெல்லாம் அளக்கிற ஆளின் கையாலேயே வரும். நோகாத கையையும் அளக்கச் சொல்லுங்கள். இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்றும் கேளுங்கள், நான் கேட்டதற்கு அங்கே பதிலே இல்லை. மிச்சக் காசைக் கேட்டால் "பைக்கேஜ் போட்டா திருப்பித் தாறதில்லை" என்கிறார்கள், ரசீதில் அப்படி ஒரு வரியும் கிடையாது.