வெல்டிங் பழக: விஆர் சிமுலேட்டரா, நிஜ பூத்தா?
சேலத்தில் வெல்டிங் படிக்க வரும் பிள்ளைகள் விஆர் சிமுலேட்டரில், அதாவது கண்ணில் மெய்நிகர் காட்சியும் கையில் தொடு உணர்வும் தரும் பயிற்சிக் கருவியில், தொடங்குவது நல்லது. வெல்டிங் ராடும் தகடும் வீணாகாது, ராடின் நுனியில் எரியும் ஆர்க் ஒளி கண்ணைத் தாக்காது. ராடின் சாய்வு, தகட்டிலிருந்து அதன் இடைவெளி, கையின் வேகம் எல்லாவற்றையும் அளந்து, பிழையை அங்கேயே காட்டிவிடும். நிஜமாக வெல்டிங் செய்யும் தடுப்பறையான பூத்தில், பற்றின் மேல் படியும் கசடான ஸ்லாக்கைத் தட்டி எடுத்த பிறகுதான் பல பிழைகள் தெரியும். பயந்த கைக்கு சிமுலேட்டர் பெரிய உதவி.

ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செய்யும் உருக்காலை இருக்கும் ஊர் இது. ஸ்டெயின்லெஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு பூத் இல்லாமல் முடியாது. 304 என்ற ஸ்டெயின்லெஸ் ரகத் தகடு சாதாரண இரும்பைவிட அதிகம் விரியும், வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். அதனால் சட்டென்று கோணிக்கொள்ளும். தகடு நகராமலிருக்க எங்கே டேக் எனும் சிறு பற்று வைத்து நிறுத்துவது, ஒட்டிக்கொண்ட ராடை எப்படி வெடுக்கென்று பிரிப்பது, சித்திரை வெயிலில் தோல் கையுறையோடு எப்படி நிதானம் காப்பது என்பதெல்லாம் பூத்தில்தான் வரும்.

ஒரு பயிற்சி மையம் சிமுலேட்டரை மட்டும் காட்டிச் சான்றிதழ் தருகிறோம் என்று சொன்னால், அங்கே சேர வேண்டாம்.