ஆத்தங்குடிக் கல் தரையில் மர, பிளாஸ்டிக், உலோக யோயோக்கள்

யோயோ வாங்க வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அடுத்து நிறத்தை. எதில் செய்தது என்று கேட்பவர்கள் குறைவு. காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டு வளவில் பல வருஷமாக யோயோ சுற்றுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். எவ்வளவு நேரம் நின்று சுற்றும், கையில் எப்படி உட்காரும், கீழே விழுந்தால் அடி யோயோவுக்கா தரைக்கா, எல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

பழங்காலக் கிரேக்கர்கள் யோயோவைச் சுட்ட மண்ணில்கூடச் செய்திருக்கிறார்கள். 1928-இல் பிலிப்பைன்ஸ்காரரான பெட்ரோ ஃபுளோரஸ் கலிஃபோர்னியாவில் இதைத் தொழிலாகத் தொடங்கினார். அவரிடமிருந்து தொழிலை வாங்கிய டங்கன் நிறுவனம் மேப்பிள் மரத்தில் கடைந்து விற்றது. என்னிடம் இருக்கும் மர யோயோ, பம்பரம் கடைகிற பட்டறையில் சொல்லிச் செய்த தேக்கு. அச்சும் மரம்தான், பேரிங் கிடையாது. நூல் அச்சிலேயே உரசுவதால் நூலின் அடியில் ரொம்ப நேரம் நின்று சுற்றாது. ஆனால் லேசாகச் சுண்டினால் போதும், கைக்கு ஏறி வந்துவிடும். நூல் தேய்த்த இடம் இப்போது கறுத்து வழவழவென்று இருக்கிறது. ஐப்பசி மழையில் மரம் ஈரம் வாங்கி உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். அதனால் மாதத்துக்கு மாதம் ஆட்டம் கொஞ்சம் மாறும். எனக்கு அது பிடித்தே இருக்கிறது.

பிளாஸ்டிக் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. திருவிழாக் கடையில் தொங்குவது பாலிஸ்டைரீன் மாதிரி நொறுங்கும் ரகம், அச்சு நுழைகிற இடத்திலேயே விரிசல் விடும். பாலிகார்பனேட் வேறு ஜாதி. ஆத்தங்குடிக் கல்லில் எத்தனையோ முறை விழுந்தும் என்னுடையது உடையவில்லை, விளிம்பில் கீறல் மட்டும்தான். கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் வாங்கித் தருவேன்.

எனக்கு நெருக்கமானது டெல்ரின், அதாவது பி.ஓ.எம். என்கிற பிளாஸ்டிக்கைக் கடைசலில் கடைந்து செய்தது. தொட்டால் சோப்புக்கட்டியின் வழவழப்பு. சுற்றும்போது விரல் மேலோ உள்ளங்கை மேலோ வைத்தால் வழுக்கிக்கொண்டே ஓடும். விழுந்தால் விளிம்பில் வெள்ளையாகச் சிலும்பு கிளம்பும், நைஸ் உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்தால் சரியாகிவிடும். ஒரே தொல்லை, பசை எதுவும் இதில் சுலபமாக ஒட்டாது. நூலைப் பிடிக்க உள்ளே ஒட்டியிருக்கும் சிலிக்கோன் ரப்பர் பேட் அடிக்கடி கழன்று வரும். அதைப் பொறுத்துக்கொண்டு இன்னும் இதைத்தான் தினமும் எடுக்கிறேன்.

உலோகத்தில் பெரும்பாலும் அலுமினியம். 6061, 7075 என்று எண் போட்டிருப்பார்கள். முன்னதில் மக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்திருக்கும், பின்னதில் முக்கியமாகத் துத்தநாகம். 7075 வலுவானது, ஆகவே சுவரை மெலிதாக்கி எடையை விளிம்புக்குக் கொண்டுபோக முடியும். மொத்த எடை பெரும்பாலும் 60 முதல் 68 கிராமுக்குள்தான். அந்த எடை விளிம்பில் இருந்தால் அதிக நேரம் சுற்றும், நடுவில் இருந்தால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். இதற்காகவே அலுமினிய உடலில் எஃகு வளையம் பொருத்திய இரட்டை உலோக ரகம் வந்தது. எஃகு அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கனம் என்பதால் மெல்லிய வளையமே போதும். டைட்டானியத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 4.5 கிராம், எஃகுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில். நண்பர் ஒருவருடையதைச் சிமென்ட் தரையில் உரசவிட்டபோது பொறி பறந்தது. பார்க்க அழகு, ஆனால் அந்த விலைக்கு நான் வாங்கமாட்டேன்.

உலோகத்தை வளவுக்குள் சுற்ற எங்கள் வீட்டில் அனுமதி கிடையாது. ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலை மேலே இருக்கும் மெல்லிய சிமென்ட் படலத்தில்தான் இருக்கிறது. அலுமினிய விளிம்பு பட்டு ஒரு பூவிதழின் ஓரத்தில் எள்ளளவு பெயர்ந்துபோனது. அப்பத்தா குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இந்தக் கல்லு மாதிரி இனி கெடைக்குமாப்பா? அந்த இரும்பத் தூக்கிக்கிட்டு வெளிய போயி ஆடு” என்றார். அலுமினியத்துக்கும் அதில் அடிதான். சாயம் போய் வெள்ளி நிறம் தெரிந்தது, பள்ளத்தின் ஓரம் நூலை அறுக்கிற அளவு கூர்மையாக இருந்தது. அதையும் உப்புத்தாளால் மழுக்காமல் சுற்றக் கூடாது, விரலைக் கிழிக்கும்.

பேரிங் உள்ள எதுவானாலும் நம் செம்மண் தூசி அதற்குள் போகும். சத்தம் கரகரவென்று வந்தால் பேரிங்கைத் தனியே கழற்றி எடுத்துத்தான் தின்னரில் அலச வேண்டும். பாலிகார்பனேட் உடலில் தின்னர் பட்டால் மங்கி விரிசல் விடும். காய்ந்த பிறகு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும். கூடிப்போனால் சுண்டாமலே நூல் பிடித்து ஏறிவரத் தொடங்கும்.