நானூறு விருந்தினர், ஒரே பிரிண்டர்: டிஎன்பி டிஎஸ்-ஆர்எக்ஸ்1எச்எஸ்

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் கல்யாண வரவேற்பு, காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா போன்றவற்றுக்குப் போட்டோ பூத், அதாவது விருந்தினர் வந்து நின்று படமெடுத்து அங்கேயே பிரிண்டும் வாங்கிப் போகும் இடம், அமைத்துத் தருவது என் தொழில். இரண்டு ஆண்டுகளாக எங்கள் பூத்தில் உழைத்து வருவது, ஜப்பானின் டாய் நிப்பான் பிரிண்டிங் நிறுவனம் தயாரிக்கும் டிஎன்பி டிஎஸ்-ஆர்எக்ஸ்1எச்எஸ் என்ற பிரிண்டர். இதை வாங்கலாமா என்று தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்து மண்டபத்தில் வைத்துவிட்டால் அதுவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி வாங்க வேண்டாம். எங்கள் பூத் நின்றுபோன ஒவ்வொரு முறையும் காரணத்தைத் தேடிப் பார்த்தால், அது மின்சாரத்திலோ, கேமராவிலோ, முதல் நாள் நான் செய்யாமல் விட்ட ஏதோ ஒரு வேலையிலோதான் இருந்திருக்கிறது.

தொடக்கத்தில் நாங்கள் இங்க்ஜெட் பிரிண்டரைத்தான் பயன்படுத்தினோம். மண்டப வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்து வரவேற்கும் ஊரில், ஈரம் காயாத மை என்ன பாடுபடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தப் பிரிண்டரில் திரவ மை கிடையாது. மஞ்சள், மெஜந்தா, சியான் என்ற மூன்று நிறச் சாயங்களும் நான்காவதாக ஒரு பாதுகாப்புப் பூச்சும் அடுத்தடுத்துப் படிந்திருக்கும் ரிப்பனை, வெப்பமேறும் அச்சுத்தலை ஒன்று தாளின் மீது அழுத்துகிறது. அந்த வெப்பத்தில் சாயம் தாளுக்குள் ஏறுகிறது. தாள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருமுறை முன்னும் பின்னுமாகப் போய் வந்து, கடைசியில் பூச்சும் பெற்று, முழுக்கக் காய்ந்த நிலையில் வெளியே விழுகிறது. சந்தனக் கைபட்ட பிரிண்டை ஈரத்துணியால் துடைத்தாலும் படத்துக்கு ஒன்றும் ஆவதில்லை.

4x6 அங்குலப் பிரிண்ட் ஒன்றுக்கு ஏறத்தாழ 12.4 விநாடி ஆகிறது. 1925இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அனடோல் ஜோசஃபோ வைத்த போட்டோமேட்டான் என்ற தானியங்கி போட்டோ பூத் கூடத்தில், எட்டுப் படங்கள் கொண்ட ஒரு துண்டுக்கு மக்கள் எட்டு நிமிடம் வரை காத்திருந்தார்கள். நம் விருந்தினர்களோ பன்னிரண்டு விநாடிக்குள்ளேயே இரண்டுமுறை எட்டிப் பார்த்துவிடுவார்கள். 4x6 ரோல் ஒன்றில் 700 தாள் வரும். ஒவ்வொரு தாளையும் பிரிண்டரே நீளவாக்கில் வெட்டி இரண்டு 2x6 துண்டுகளாகத் தருவதால், துண்டுக் கணக்கில் அது 1400. நான்கு மணி நேர வரவேற்பில், ஒரு குழு உள்ளே வந்து தொப்பி, கண்ணாடி, மீசை மாட்டிப் படமெடுத்து வெளியேற ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மூச்சு விடாமல் ஓடினாலும் 160 குழுக்களுக்கு மேல் தாண்டாது. குழுவுக்கு இரண்டு தாள் என்றாலும் 320 தாள்தான். ஆகவே ஒரு ரோல் இரண்டு வரவேற்புகளுக்குக் காணும். வரிசை நீள்வதற்கும் பிரிண்டரின் வேகத்துக்கும் தொடர்பில்லை. எந்த மீசையை ஒட்டிக்கொள்வது என்று யோசிக்கிறவர்களால்தான் வரிசை நீள்கிறது.

இதில் மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. எடை சுமார் 14 கிலோ. மாடி மண்டபத்துக்கு லிஃப்ட் இல்லாத நாளில் அது நன்றாகத் தெரியும். யுஎஸ்பி கம்பி வழியாகத்தான் வேலை செய்யும். கம்பியில்லாமல் அனுப்ப வேண்டுமானால் தனிக் கருவி வாங்க வேண்டும். பாதி ஓடிய ரிப்பனைப் பின்னோக்கிச் சுற்றும் வசதி இதே நிறுவனத்தின் டிஎஸ்620இல் உண்டு, இதில் இல்லை. அதனால் 6x8 ரோலைப் போட்டு ஒற்றை 4x6 படம் எடுத்தால் மீதிப் பாதி வீணாகும். துண்டுகளும் 4x6 படங்களும் மட்டும் கொடுக்கிறவர்களுக்கு இது ஒரு குறையே அல்ல. தாள் ரோலும் ரிப்பனும் இணையாகவே தீரும் என்பதால் ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. புதிய ரோல் போட்டதும் சில வெற்றுத்தாள்கள் வெட்டப்பட்டு விழும். கூட்டம் நிற்கும்போது அதைச் செய்தால் பிரிண்டர் கெட்டுவிட்டது என்றே எல்லோரும் நினைப்பார்கள். எத்தனை தாள் மீதமிருக்கிறது என்பது கணினியில் துல்லியமாகத் தெரிவதால், புறப்படும் முன்பே பார்த்து, 300க்குக் கீழே இருந்தால் அந்த ரோலைச் சிறிய விழாவுக்கென்று ரிப்பனோடு சேர்த்து எடுத்து வைத்துவிடுகிறேன்.

மின்சாரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் பட்டது அதில்தான். ஒரு வரவேற்பில், நாங்கள் செருகியிருந்த அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஜூஸ் கவுன்ட்டர்காரர் தன் மிக்ஸியைச் செருகிவிட்டார். பெண் வீட்டார் ஒன்பது பேர் நெருக்கியடித்து நின்று எடுத்த படம் அச்சேறிக்கொண்டிருந்த நேரம் மின்சாரம் போனது. திரும்பி வந்ததும் பிரிண்டர் அந்தத் தாளை வெட்டி வெளியே தள்ளியது: மஞ்சள் நிறம் மட்டும் ஏறிய ஒன்பது முகங்கள், ஏதோ மஞ்சள் நீராட்டு விழாவில் எடுத்தது போல. அவர்களே சிரித்து அதைக் கேட்டு வாங்கிப் போனார்கள் என்பதால் தப்பித்தேன். அன்றிலிருந்து மண்டபத்து எலக்ட்ரீஷியனைத்தான் முதலில் பார்க்கிறேன். சீரியல் செட், மைக் செட், சமையல்கட்டு ஆகிய எதுவும் தொடாத தனி லைன் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் பிளக்கின் மேல் டேப் ஒட்டிவிடுகிறேன். ஜெனரேட்டருக்கு மாறும் சில விநாடி இடைவெளிக்கு யுபிஎஸ் வேண்டும். அச்சுத்தலை சூடேறும் கணத்தில் பிரிண்டர் இழுக்கும் மின்சாரம் அதிகம் என்பதால், வீட்டுக் கணினிக்கு வாங்கிய சிறிய யுபிஎஸ் இதற்கு ஆகாது. பிரிண்டரின் பின்னால் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் அளவைக் கடைக்காரரிடம் காட்டி, அதற்கேற்ற யுபிஎஸ்ஸைப் பிரிண்டருக்கு மட்டுமென்று வைப்பதே சரி. லேப்டாப்புக்குத்தான் சொந்த பேட்டரி இருக்கிறதே.

கேமராவாக நாங்கள் வைத்திருப்பது கேனான் இஓஎஸ் 1500டி, 18-55 லென்ஸோடு. திரையில் விருந்தினர் தங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் லைவ் வியூ மணிக்கணக்கில் ஓடும். அதன் எல்பி-இ10 பேட்டரி அதற்குத் தாக்குப்பிடிக்காது. பேட்டரி வடிவில் உள்ளே பொருந்திச் சுவர் மின்சாரத்தில் ஓடும் அடாப்டரை வாங்கிய பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. லைவ் வியூவில் இந்தக் கேமரா ஃபோகஸைத் தேடித் தவிக்கும் என்பதால், லென்ஸை மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி, ஆட்கள் நிற்கும் இடத்தில் ஒருவரை நிறுத்தி ஒருமுறை சரிபார்த்து, வளையத்தின் மேல் டேப் ஒட்டித் தரையிலும் ஒரு கோடு போட்டுவிடுகிறேன். லென்ஸின் துளையை எஃப்8 அளவுக்குச் சுருக்கி ஃப்ளாஷ் அடித்தால் முன்வரிசைக் குழந்தையும் பின்வரிசைத் தாத்தாவும் ஒருசேரத் தெளிவாக விழுகிறார்கள். வெண்சமநிலையை ஆட்டோவில் விட்டால், மேடையின் எல்இடி விளக்கு நிறம் மாற மாறப் பட்டுப்புடவையும் நிறம் மாறும்; ஆகவே அதையும் ஃப்ளாஷுக்கென்று நிலையாக வைப்பது நல்லது.

கேமராவை இயக்கிப் படத்தைப் பிரிண்டருக்கு அனுப்பும் மென்பொருள் டிஎஸ்எல்ஆர்பூத். இணையம் இல்லாமலும் ஓடும் என்பதே மண்டபங்களில் அதற்குப் பெரிய தகுதி. பிரிண்டரை விண்டோஸில் இரண்டு பெயர்களில் பதிந்து, ஒன்றில் துண்டாக வெட்டும்படியும் மற்றதில் முழுத்தாளாக வரும்படியும் அமைத்து வைத்தால், மாப்பிள்ளையின் அத்தை பெரிய படம் கேட்கும்போது அமைப்புகளைக் கிளறிக்கொண்டிருக்க வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டை முதல் நாளே முடித்து, லேப்டாப் தூங்கிப்போகும் ஏற்பாட்டையும் நிறுத்திவிட வேண்டும்.

இந்த இயந்திரம் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கு உரியது. சித்திரை வைகாசியில் திறந்தவெளிப் பந்தலில் பகல் விழாவுக்கு ஒப்புக்கொள்ளும் முன் மதுரைக்காரர்கள் இதை நினைத்துக்கொள்வது நல்லது. நான் பந்தலுக்குப் போனால் ஒரு மேசை விசிறியும் நிழலான மூலையும் கேட்டுக்கொள்கிறேன். தூசியும் எதிரிதான்: பிரிண்டில் ஒரே இடத்தில் நீளவாக்கில் கோடு வந்தால் அச்சுத்தலையில் அழுக்கு என்று பொருள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, பிசிறில்லாத துணியால் மெல்லத் துடைத்தால் போய்விடும். ரோலை எடுக்கும்போது பரப்பில் விரல் படாமல் இரு முனைகளையும் பிடிக்க வேண்டும். விரல் பட்ட இடத்தில் சாயம் சரியாக ஏறாது.

பூத்தை மேடைக்குப் பக்கத்தில் வைக்கும்படிதான் பெரும்பாலும் கேட்பார்கள். நான் பந்தி முடிந்து வரும் வழியில், தாம்பூலப் பை கொடுக்கும் மேசைக்கு முன்னால் இடம் கேட்கிறேன். மேடை வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பந்திக்குப் போகும் அவசரம் இருக்கும். சாப்பிட்டு வருகிறவர்கள் நிதானமாக நிற்பார்கள், பிரிண்டும் பையோடு பத்திரமாக வீடு போய்ச் சேரும். பந்தி எழும்போதெல்லாம் கூட்டம் அலையாக வரும் என்பதால், அதற்கு ஐந்து நிமிடம் முன்பே பிரிண்டரின் கழிவுத்தாள் பெட்டியைக் காலி செய்துவிட வேண்டும்.

மாதத்துக்கு ஒரு விழாதான் கிடைக்கும் என்கிறவர்கள் இதை வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே மேல். வாரம் ஒன்று கிடைக்குமானால் யோசிக்கவே வேண்டாம்.

வாடகைக்கு எடுத்தாலும் சொந்தமாக வாங்கினாலும், தீர்ந்த ரிப்பனைக் குப்பையில் அப்படியே போட்டுவிடாதீர்கள். அதை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால், அன்று படமெடுத்த ஒவ்வொருவரின் முகமும் மஞ்சளில் ஒன்று, மெஜந்தாவில் ஒன்று, சியானில் ஒன்று என்று நெகட்டிவ் போல வரிசையாகத் தெரியும். அந்த வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் நம்மை நம்பி வந்து நின்றவர்கள். நான் ரிப்பனைச் சுருளிலிருந்து உருவி, கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கிய பிறகே குப்பைக்கு அனுப்புகிறேன். அதற்கு அரை மணி நேரம் ஆகிறது, கைவிரல்களில் கொஞ்சம் நிறமும் ஒட்டிக்கொள்கிறது.