செட்டிநாட்டு வெயிலுக்கு எது தாங்கும்: லெமன்கிராஸா, லெமன் பாமா, எலுமிச்சைத் துளசியா?

எலுமிச்சை வாசம் வீசும் செடி ஒன்று வீட்டில் வேண்டும் என்றால் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் வந்து நிற்போம். மூன்றிலும் அந்த வாசத்தைத் தருவது முக்கியமாக சிட்ரல் என்ற பொருள். வாசம் மட்டும்தான், பழத்தின் புளிப்பு கிடையாது. அதனால் பால் டீயில் போட்டாலும் பால் திரியாது. ஆனால் காரைக்குடி, தேவகோட்டை வெயிலில் மூன்றும் ஒரே மாதிரி பிழைப்பதில்லை.

லெமன் பாமை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். புதினா குடும்பம், பூர்வீகம் மத்தியதரைக்கடல் பக்கம். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். நம் பக்கம் சித்திரை பிறந்தால் இலை ஓரம் கருகத் தொடங்கிவிடும். ஆசை விடவில்லை என்றால், இரண்டாம் கட்டு முற்றத்தில் காலை வெயில் மட்டும் விழும் மூலையில் தொட்டி வைத்து, ஐப்பசியிலிருந்து மாசி வரை ஓட்டிப் பார்க்கலாம். காய வைத்தால் வாசம் பெருமளவு போய்விடும், பச்சையாகத்தான் பயன்படும்.

லெமன்கிராஸ் நேர் எதிர். வெயில் அதற்குச் சாப்பாடு மாதிரி. நம் செம்மண்ணும் சரிப்படும், தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். தேங்கினால் அடி அழுகும். விதை தேட வேண்டாம். கடையில் சமையலுக்கு விற்கும் தண்டிலேயே, அடிக்கிழங்குப் பகுதி முழுசாக இருப்பதாகப் பார்த்து வாங்கி, இரண்டு விரற்கடை தண்ணீரில் நிறுத்தினால் சில வாரங்களில் வேர் விடும். அப்புறம் கொல்லையில் நடுங்கள். தொட்டி என்றால் பழைய பெயிண்ட் வாளி அளவாவது வேண்டும், ஏனென்றால் தூர் கட்டி ஆள் இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். நடைபாதை ஓரம் மட்டும் வேண்டாம், இலை விளிம்பு கையைக் கீறும்.

வாங்கும்போது ஒரு கவனம். ‘கொசு விரட்டும் செடி’ என்று தருவது பெரும்பாலும் சிட்ரோனெல்லா. பார்க்க லெமன்கிராஸ் போலவே இருக்கும், ஆனால் டீக்கு ஆகாது. கசக்கி முகர்ந்தால் எலுமிச்சையைவிட சோப்பு வாசம் தூக்கலாக இருக்கும். கொசுவுக்கு வேலை செய்வதும் அதிலிருந்து எடுக்கும் எண்ணெய்தான். செடி சும்மா நின்றால் கொசு அதைப் பொருட்படுத்தாது.

எலுமிச்சைத் துளசி இரண்டுக்கும் நடுவில். விதை தூவினால் சட்டென்று முளைக்கும், வெயிலும் தாங்கும், ஆனால் தினம் தண்ணீர் கேட்கும். பூங்கதிர் வந்ததும் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை சிறுத்து, செடி விதை கட்டி ஓய்ந்துவிடும். கொஞ்சம் கதிரை முற்ற விட்டால் அடுத்த விதைப்புக்கு ஆயிற்று. அந்த விதையைச் சப்ஜா போல ஊறவைத்துச் சர்பத்திலும் போடலாம்.

அடுப்படியில் என்ன பயன்? கல்பாசி, மராட்டி மொக்கு போட்டு வறுத்து அரைக்கும் குழம்பில் இவை எதுவும் எடுபடாது, மசாலா அமுக்கிவிடும். லெமன்கிராஸுக்கு ஏற்ற இடம் தேங்காய்ப்பால் சேரும் சமையலும், மிளகு தூக்கலான கோழி ரசமும். அடித்தண்டை நசுக்கிப் போட்டுக் கொதிக்கவிட்டு, பரிமாறும் முன் எடுத்துவிடுங்கள். அது நார், மென்றால் தீராது. இலையை டீத்தூளோடு கொதிக்க வைத்தால் போதும். குஜராத், மகாராஷ்டிரம் பக்கம் பால் டீயிலேயே இதைப் போடுகிறார்கள். துளசியைக் கொதிக்க விடக்கூடாது, இறக்கிய பிறகு கிள்ளிப் போட வேண்டும்.

என் கணக்கில் கொல்லைக்கு லெமன்கிராஸ், ஜன்னல் ஓரத்துக்கு எலுமிச்சைத் துளசி. மோருக்கு மட்டும் இரண்டும் வேண்டாம். கொல்லையில் எலுமிச்சை மரமோ நாரத்தை மரமோ நின்றால் அதன் கொழுந்து இலை இரண்டைக் கசக்கிப் போட்டு, பெருங்காயமும் உப்பும் சேருங்கள்.