தேக்கடி ஏரி: மோட்டார் படகா, மூங்கில் தெப்பமா?

குழந்தைகளும் வயதானவர்களும் கூட வந்தால் மோட்டார் படகுதான் சரி. சுமார் ஒன்றரை மணி நேரம், நடை அதிகமில்லை, செலவும் குறைவு. ஆனால் கூட்டமும் இஞ்சின் சத்தமும் சேர்ந்தால் கரையில் நிற்கும் மான்கூடத் திரும்பி நடந்துவிடும்.

மூங்கில் தெப்பம் வேறு உலகம். காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவோம், நடுவே காட்டுக்குள் நல்ல நடை உண்டு, அட்டைக்கடிக்குத் தயாராகப் போங்கள். வழிகாட்டிகளோடு துப்பாக்கி ஏந்திய வனக்காவலரும் வருவார். துடுப்பை நாமே போடலாம். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் எழுந்தபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்கு மேல் நிற்கின்றன. தெப்பம் அவற்றை ஒட்டிப் போகும்போது, உச்சியில் சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகத்தின் அலகு நுனி வரை தெரியும். எனக்கு இதுதான் ஒரு படி மேல். ஆனால் ஒரு குழுவில் சிலருக்கே இடம், முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

யானை பார்க்க வேண்டுமா? கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் வாருங்கள், அப்போது இரண்டிலுமே வாய்ப்பு அதிகம்.

அப்புறம் ஒன்று: 2009 செப்டம்பரில் இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். எதில் ஏறினாலும் உயிர்காப்பு உடையைக் கழற்றாதீர்கள், படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் சாயாதீர்கள்.