ஆபீஸ் கவுன்சலிங்கா, 14416-ஆ, ஜி.ஹெச் ஓபியா, பிரைவேட் தெரபிஸ்ட்டா? எந்த நிலைமைக்கு எது

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடங்குது, ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்து டிக்கெட், டெலிவரி, மேனேஜர் மூஞ்சின்னு ஓடிக்கிட்டே இருக்குன்னு யாராச்சும் சொன்னா, "கவுன்சலிங் போப்பா"ன்னு ஒரே வார்த்தைல சொல்லிடுறோம். எங்க போறதுன்னு யாரும் சொல்றதில்ல. நாலு வழி இருக்கு, நாலும் நாலு வேலைக்கு, ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணுக்குப் போனா காசும் போகும், "இதெல்லாம் வேஸ்ட்டு"ன்னு நம்பிக்கையும் போயிடும். அந்த நம்பிக்கை போறதுதான் எனக்குப் பெரிய கவலை.

முதல்ல ஆபீஸ்ல குடுக்கிறது. பெரிய கம்பெனிகள்ல இஏபின்னு ஒண்ணு இருக்கும், வெளில இருக்கிற ஒரு நிறுவனத்துக்கிட்ட காண்ட்ராக்ட் குடுத்து ஊழியர்களுக்கு போன்லயோ வீடியோலயோ கவுன்சலிங் தருவாங்க, நமக்கு ஃப்ரீ. அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கும், வேலை முடிஞ்சப்புறம் பேசலாம், லீவு போட வேணாம். எல்லாருக்கும் இருக்கிற பயம் ஹெச்.ஆருக்குப் போயிடுமோங்கிறதுதான். வழக்கமா கம்பெனிக்குப் போறது எத்தனை பேர் யூஸ் பண்ணாங்கங்கிற எண்ணிக்கை மட்டும்தான், பேர் போகாது, ஆனா அதை எழுத்துல பாத்துட்டுத்தான் ஆரம்பிக்கணும். பர்சனல் போன், பர்சனல் மெயில்லருந்து பேசுங்க, ஆபீஸ் லேப்டாப் வேணாம். உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா அவங்க ரகசியத்தை மீறி அடுத்தவங்களுக்குச் சொல்வாங்க, அது எங்க போனாலும் உண்டு, அது தப்பும் இல்ல.

இதோட பலவீனம் ரெண்டு. ஒண்ணு, செஷன் கணக்குப் போட்டு அளந்து குடுப்பாங்க. இன்னொண்ணுதான் பெருசு: பிரச்சனையே வேலைல இருந்தா கவுன்சலரால உங்க ஷிஃப்ட்டை மாத்த முடியாது. பர்ன்அவுட்டை, அதாவது வேலையால மொத்தமா களைச்சு வெறுத்துப் போறதை, உலக சுகாதார நிறுவனம் 2019-ல தன்னோட நோய்ப் பட்டியல்ல சேத்தப்போ நோய்னு போடல, வேலை சார்ந்த ஒரு நிலைன்னுதான் போட்டாங்க, சரியா சமாளிக்கப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தால வர்றதுன்னு. 2024-ல வில்லியம் ஃப்ளெமிங்னு ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர் பிரிட்டன்ல 46,000-க்கு மேல ஊழியர்களோட தகவலை வச்சு பாத்தாரு, மைண்ட்ஃபுல்னெஸ் கிளாஸ், ஆப், ஸ்ட்ரெஸ் டிரெய்னிங் எல்லாத்துலயும் கலந்துக்கிட்டவங்க கலந்துக்காதவங்களை விட நல்லா இருந்த மாதிரி தெரியல. அதனால 12 மணி நேர ஷிஃப்ட்டை அப்படியே வச்சுக்கிட்டு மெடிட்டேஷன் ஆப் சப்ஸ்கிரிப்ஷன் குடுக்கிற கம்பெனியை நான் நல்ல கம்பெனின்னு சொல்ல மாட்டேன்.

அடுத்து 14416, டெலி மானஸ்ங்கிற மனநல உதவி போன் நம்பர். 2022 அக்டோபர் 10-ல மத்திய அரசு ஆரம்பிச்சது, 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. முதல்ல கவுன்சலர் எடுப்பாரு, தேவைப்பட்டா மேல டாக்டர்கிட்ட இணைப்பாங்க. இதோட அருமை ராத்திரி 2 மணிக்குத்தான் தெரியும், வேற எந்தக் கதவும் திறந்திருக்காத நேரம். ஆனா வாரா வாரம் ஒரே ஆள்கிட்ட உக்காந்து பேசுற சிகிச்சைக்கு இது ஈடாகாது, அடுத்த தடவை அதே குரல்தான் எடுக்கும்னு நம்பி இருக்க முடியாது. செத்துடலாம்னு எண்ணம் வருதுன்னா எதையும் ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டு இருக்க வேணாம், உடனே இந்த நம்பர், இல்லன்னா பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சி, கூட ஒரு ஆள் இருக்கட்டும். சென்னைல 1986-லருந்து சிநேகா அமைப்பும் இதுக்காகவே இருக்கு, 044-24640050.

இப்போ ஜி.ஹெச். நிறைய பேர் கடைசில யோசிக்கிற இடம், என்னைக் கேட்டா நிறைய பேர் முதல்ல போக வேண்டிய இடம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவு ஓபி இருக்கு, மாத்திரையும் ஃப்ரீ. சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, ஆனா அந்த ஊர்ப் பேரையே கிண்டலுக்கு யூஸ் பண்ணி யூஸ் பண்ணி அந்த கேட்டைத் தாண்டவே ஜனங்க கூசுற மாதிரி பண்ணிட்டோம், அது ரொம்ப வேதனையான விஷயம். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் நெஞ்சு அடைக்குதுன்னு ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்து, வாயுன்னு சொல்லி கசாயம் குடிச்சு, மாசக்கணக்குல அலைஞ்சப்புறம்தான் பேனிக் அட்டாக்னு, அதாவது திடீர்னு வர்ற கடும் பதட்டம்னு, ஒரு சைக்கியாட்ரிஸ்ட் (மனநல டாக்டர்) சொன்னாரு. டாக்டர்கிட்ட போறதோட லாபம் இதுதான், சோர்வுக்குத் தைராய்டு காரணமா, ரத்தசோகையான்னும் சேத்துப் பாப்பாங்க, கவுன்சலரால அது முடியாது. குறைன்னா கூட்டம், காலைல வரிசை, பேச கிடைக்கிற நேரம் கம்மி. டிப்ரஷன் மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும், நாலு நாள்ல ஒண்ணும் தெரியலன்னு நிறுத்திடாதீங்க, நல்லாயிட்டேன்னு தோணினாலும் டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க.

பிரைவேட் தெரபிஸ்ட்கிட்ட கிடைக்கிறது நேரம். முக்கால் மணி நேரம், ஒரே ஆள், வாரா வாரம், நம்ம யோசிக்கிற விதத்தையே பிரிச்சுப் பாக்கலாம். பதட்டத்துக்கு சிபிடி (யோசிக்கிற விதத்தையும் நடந்துக்கிற விதத்தையும் மாத்தப் பழக்குறது) மாதிரி தெரபி நல்லா வேலை செய்யும்ங்கிறதுக்கு ஆதாரம் நிறைய இருக்கு, ஆனா ஒரு செஷன்ல முடியாது, பல வாரம் போகணும், சிட்டில ஒரு செஷனே ஆயிரத்துக்கு மேல போகுது, மாசம் நாலுன்னா சம்பளத்துல கை வைக்கும். 2017 மனநலச் சட்டம் இன்சூரன்ஸ்ல மனநோயையும் உடல்நோய் மாதிரியே நடத்தணும்னு சொல்லுது, இருந்தாலும் பெரும்பாலான பாலிசி அட்மிட் ஆனாத்தான் குடுக்கும், வாராந்திர ஃபீஸ் நம்ம கைக்காசுதான். கவுன்சலர்னு யார் வேணும்னாலும் போர்டு மாட்டுறாங்க, அதனால கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு சொன்னா ஆர்.சி.ஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்க, கேட்டதுக்குக் கோவப்படுறவரா இருந்தா வேற ஆளைப் பாருங்க. இவங்க மாத்திரை எழுத மாட்டாங்க, அது சைக்கியாட்ரிஸ்ட் வேலை.

என் கணக்கு இதுதான். ஒரு சண்டை, ஒரு மோசமான அப்ரைசல், இப்படி காரணம் கண்ணுக்குத் தெரியுது, தூக்கம் பசி எல்லாம் ஓரளவு ஓடுதுன்னா இஏபி போதும். ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல, பிடிச்சது எதுவும் பிடிக்கலன்னா முதல்ல சைக்கியாட்ரிஸ்ட், அப்புறம் கையில காசு இருக்கிறதைப் பொறுத்து தெரபி. பணமே இல்லன்னா ஜி.ஹெச் ஓபியும் நடுராத்திரிக்கு 14416-ம் சேந்தே ஓட்டலாம், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தடை இல்ல.

இஏபிலயே ஆரம்பிச்சிருந்தா கடைசி செஷன் வரைக்கும் காத்திருக்காதீங்க. பாதிலயே "நான் டாக்டரைப் பாக்கணுமா"ன்னு நேரடியா கேளுங்க, ஆமான்னா ரெஃபரலை எழுத்துல வாங்குங்க. வேலைதான் காரணம்னா மேனேஜர்கிட்ட "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு"ன்னு பொதுவா சொல்றதை விட நைட் ஷிஃப்ட் ரெண்டு மாசம் வேணாம், 9 மணிக்கு மேல கால் வேணாம்னு குறிப்பா மெயில்ல கேளுங்க, டாக்டர் சர்டிஃபிகேட் இருந்தா அதையும் சேத்து அனுப்புங்க, அதுல நோய் பேரு வரணும்னு கட்டாயம் இல்ல, இந்த மாத்தம் தேவைன்னு மட்டும் எழுதித் தரச் சொல்லி டாக்டர்கிட்ட கேக்கலாம்.